பக்கத்து ஊரில் செய்த போன் ஏன் முன்னாடியே வருவதில்லை?

ஒவ்வொரு செப்டம்பரிலும் எங்கள் பக்கம் ஒரு பேச்சு கிளம்பும். "19-ஆம் தேதின்னு போட்டிருக்கான். ஆனா 17, 18-லயே வந்துடுமாமே?" புது ஐபோனுக்குப் பணம் கட்டியவர்கள் மட்டும் இதைப் பேசுவதில்லை. வாங்கும் எண்ணமே இல்லாதவர்களும் பேசுகிறார்கள். 2025-இல் ஐபோன் 17 வந்தபோது இந்தப் பேச்சு ஓசூரில் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. செப்டம்பர் 9 அறிமுகம், 12 முன்பதிவு, 19 விற்பனை. நடுவில் இருந்த அந்த ஒரு வாரம் முழுக்க ஊகம்தான்.

எங்கள் ஊரில் சூடு கூடியதற்குக் காரணம் இருக்கிறது. உத்தனப்பள்ளி பக்கம் இருக்கும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் உடற்கூடு தயாராகிறது. முழு போனைப் பூட்டும் வேலையும் இங்கே நடப்பதாகச் செய்திகள் வந்துவிட்டன. மாலூர் வழியாகப் போனால் கொஞ்ச தூரத்தில் கோலார் மாவட்டத்து நரசாபுரா. அங்கேயும் ஐபோன் பூட்டுகிறார்கள். சென்னைப் பக்கம் போனால் ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான். சுற்றிலும் ஐபோன் ஆலைகளாக இருக்க, "நம்ம ஊர்ல செஞ்சது நமக்குத்தானே முதல்ல வரணும்?" என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

இந்த ஊகங்களைக் கேலி செய்ய நான் இதை எழுதவில்லை. எந்த ஆதாரத்தை வைத்து எந்த முடிவுக்கு வருகிறார்கள் என்று பார்ப்பதுதான் நோக்கம். அப்படிப் பார்க்கும்போது, முன்கூட்டியே டெலிவரி பற்றிய பேச்சு எல்லாம் மூன்று வாதங்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்று, தூரம் குறைந்தால் நாளும் குறையும். இரண்டு, ஆர்டரின் ஸ்டேட்டஸ் மாறினால் போன் கிளம்பிவிட்டது. மூன்று, யாரோ ஒருவருக்கு வந்துவிட்டது, ஆகவே நமக்கும் வரும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

தூரக் கணக்கு

முதல் வாதத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஐபோன் உலகில் முதலில் விற்பனைக்கு வந்த நாளையும், இந்தியாவில் விற்பனைக்கு வந்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

ஐபோன் 3ஜி: 2008 ஜூலை 11, இந்தியாவில் ஆகஸ்ட் 22. இடைவெளி 42 நாள்.
ஐபோன் 4: 2010 ஜூன் 24, இந்தியாவில் 2011 மே 27. ஏறக்குறைய 11 மாதம்.
ஐபோன் 5எஸ்: 2013 செப்டம்பர் 20, இந்தியாவில் நவம்பர் 1. 42 நாள்.
ஐபோன் 6: 2014 செப்டம்பர் 19, இந்தியாவில் அக்டோபர் 17. 28 நாள்.
ஐபோன் 7: 2016 செப்டம்பர் 16, இந்தியாவில் அக்டோபர் 7. 21 நாள்.
ஐபோன் 11: 2019 செப்டம்பர் 20, இந்தியாவில் செப்டம்பர் 27. 7 நாள்.
ஐபோன் 13: 2021 செப்டம்பர் 24, இந்தியாவிலும் அதே நாள். 0.

பார்த்தவுடன் "இந்தியாவுல தயாரிக்க ஆரம்பிச்சாங்க, அதான் குறைஞ்சிடுச்சு" என்று சொல்லத் தோன்றும். ஆனால் தேதிகள் அதற்கு ஒத்துவரவில்லை. இந்தியாவில் ஐபோன் பூட்டும் வேலை 2017-இல் பெங்களூரில் விஸ்ட்ரான் ஆலையில் ஆரம்பித்தது உண்மை. ஆனால் அப்போது செய்தது ஐபோன் எஸ்இ என்ற பழைய மாடல். 2021 செப்டம்பரில் ஒரே நாளில் விற்பனைக்கு வந்ததே ஐபோன் 13, அது இந்தியாவில் தயாராவதாக ஆப்பிள் அறிவித்தது 2022 ஏப்ரலில்தான். அதாவது இடைவெளி பூஜ்யமான அந்த நாளில் நம் கைக்கு வந்த போன்கள் சீனாவிலிருந்து வந்தவை. இந்தியாவில் செய்த போன் முதல் நாளே கடைக்கு வந்தது 2023-இல், ஐபோன் 15-உடன்.

2008-இல் 42 நாள் ஆனதும் சீனாவிலிருந்து வந்த போனுக்குத்தான். 2021-இல் பூஜ்யம் ஆனதும் சீனாவிலிருந்து வந்த போனுக்குத்தான். நடுவில் சீனா நமக்குப் பக்கத்தில் நகர்ந்து வரவில்லை. மாறியது வரிசை. இந்தியாவை எத்தனாவது வரிசையில் உட்கார வைப்பது என்ற வியாபார முடிவு மாறியது. 2020 செப்டம்பர் 23-இல் ஆப்பிள் இந்தியாவில் தன் இணையக் கடையைத் திறந்தது. விற்பனை வளர்ந்தது. முன்வரிசையில் இடம் கிடைத்தது.

ஓசூர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. தளி, பாகலூர் பக்கம் பசுமைக் குடில்களில் வளரும் ரோஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 14-க்காக டிசம்பர் கடைசியிலேயே கவாத்து செய்துவிடுவார்கள். பூ அந்தத் தேதிக்குச் சரியாக விரிய வேண்டும். நல்ல தண்டு நீளமுள்ள பூ வெளிநாட்டுக்கும் பெரிய நகரங்களுக்கும் போகும். தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டரில் குடியிருப்பவருக்கு அந்தப் பூ முதலில் கிடைப்பதில்லை. விளையும் இடம் வேறு, வரிசை வேறு.

பெட்டி வந்தாச்சு, சாவி வரல

"சரி, வரிசையில முன்னாடி வந்துட்டோம். போன் இங்கேயே இருக்கு. அப்ப ரெண்டு நாள் முன்னாடி கொடுத்தா என்ன?" என்பது அடுத்த கேள்வி. இதற்கு எங்கள் எல்லைப் பகுதியிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது: சினிமா.

2023 ஆகஸ்ட் 10-இல் ஜெயிலர் வெளியானபோது தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு. பெங்களூரில் 6 மணிக்கே காட்சி. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டினால் கர்நாடகா. விடியற்காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போனவர்கள் இங்கே முதல் காட்சி தொடங்கும் நேரத்தில் அங்கே படத்தைப் பார்த்து முடித்திருந்தார்கள். அப்போது ஓசூர்த் தியேட்டரில் படம் இல்லையா? இருந்தது. இன்றைய டிஜிட்டல் சினிமாவில் படம் பூட்டிய கோப்பாக முன்கூட்டியே தியேட்டர் சர்வருக்கு வந்துவிடும். அதைத் திறக்க கே.டி.எம். என்று ஒரு சாவிக் கோப்பு தனியாக வரும். எந்த சர்வரில், எந்த நாள் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை திறக்கும் என்பது அந்தச் சாவிக்குள் எழுதியிருக்கும். சாவியிலே எந்த நேரம் எழுதுவது என்பதை அனுமதியும் ஒப்பந்தமும் முடிவு செய்கின்றன. படப்பெட்டி வந்த தூரம் அதில் எங்கேயும் இல்லை.

புது போனும் இப்படித்தான். 19-ஆம் தேதி லட்சக்கணக்கான வீடுகளிலும் கடைகளிலும் ஒரே நாளில் போய்ச் சேர வேண்டுமென்றால், அதற்குச் சில நாள் முன்பே கிடங்குகளிலும் கூரியர் மையங்களிலும் அவை அடுக்கப்பட்டிருக்க வேண்டும். விமர்சகர்களுக்குச் சில நாள் முன்பே போன் கொடுத்து, இந்த மணிக்கு முன் வாய் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். போன் இருக்கிறது, அதைப் பயன்படுத்தியவர்கள் இருக்கிறார்கள், சாவிதான் திறக்கவில்லை.

ஆகவே 17-ஆம் தேதி உங்கள் போன் "எங்கேயோ வந்துட்டிருக்கு" என்று நினைப்பது பெரும்பாலும் தவறான படம். அது அநேகமாக எங்கேயும் வந்துகொண்டிருக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்திருக்கும் பொருளைப் பற்றி "எவ்வளவு வேகமா வரும்?" என்று கேட்டால் பதில் கிடைக்காது.

ஸ்டேட்டஸ் ஜோசியம்

இரண்டாவது வாதம் ஆர்டர் பக்கத்தைப் பார்த்துச் சொல்லும் ஜோசியம். "அனுப்பத் தயாராகிறது" என்று மாறிவிட்டது, கார்டில் பணம் எடுத்துவிட்டான், கூரியர் எண் வந்துவிட்டது. ஆகவே நாளைக்கே வரும். கிரகம் ராசி மாறின மாதிரிதான் இதைப் படிக்கிறார்கள்.

நான் இருபது வருஷத்துக்கு மேலாக மென்பொருள் எழுதுகிறேன். ஸ்டேட்டஸ் என்பது ஒரு சிஸ்டம் இன்னொரு சிஸ்டத்துக்குச் சொல்லும் செய்தி. பணம் எடுக்கப்பட்டது என்றால் பணம் எடுக்கப்பட்டது, அவ்வளவுதான். லேபிள் அச்சான உடனே கூரியர் எண் வந்துவிடும். பெட்டி அசைந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதைவிட முக்கியமான விஷயம், "எதிர்பார்க்கும் தேதி" என்றால் என்ன என்பது. அலுவலகத்தில் மேலாளர் "எப்ப முடியும்?" என்று கேட்டால் ரெண்டு நாள் வேலைக்கு நாலு நாள் என்று சொல்வோம். பொய் இல்லை அது. பத்தில் ஒரு முறை ஏதாவது சிக்கல் வந்து நாலு நாள் ஆகும் என்பது நமக்குத் தெரியும். வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லும் எந்த நிறுவனமும் இதையே செய்தாக வேண்டும். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நூறு பெட்டியில் தொண்ணூறு பெட்டி மூன்று நாளில் போய்ச் சேருகிறது, பத்துப் பெட்டிக்கு ஐந்து நாள் ஆகிறது. நீங்கள் என்ன தேதி சொல்வீர்கள்? ஐந்துதான். மூன்று என்று சொன்னால் பத்துப் பேர் திட்டுவார்கள். ஐந்து என்று சொன்னால் தொண்ணூறு பேர் "ரெண்டு நாள் முன்னாடியே வந்துடுச்சு!" என்று சந்தோஷப்படுவார்கள். அந்தத் தொண்ணூறு பேருக்கும் யாரும் சலுகை செய்யவில்லை. தேதி சொன்ன விதமே அப்படி.

இடைவெளி விடாமல் தேதி சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் மாவட்டத்திலேயே உதாரணம் உண்டு. ஓலா நிறுவனம் 2021 ஜூலையில் 499 ரூபாய்க்கு மின்சார ஸ்கூட்டர் முன்பதிவை ஆரம்பித்தது. ஆகஸ்ட் 15-இல் வண்டியை அறிமுகம் செய்தது. போச்சம்பள்ளி பக்கம் ஆலை கட்டும் வேலை அப்போது ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அக்டோபர் கடைசியிலிருந்து டெலிவரி என்றார்கள். சிப் தட்டுப்பாட்டைக் காரணம் சொல்லித் தேதி தள்ளிப்போனது. முதல் வண்டிகள் கைக்கு வந்தது டிசம்பர் நடுவில். அப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் யாரும் "நம்ம ஊர் ஆலை, நமக்கு முன்னாடியே வந்துடும்" என்று சொல்ல முடியவில்லை. ஆலை பக்கத்தில் இருந்தும் அந்த நிலைமைதான்.

இங்கே ஊகக்காரர்கள் செய்யும் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. இரண்டு வகை ஆர்டர்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். முதல் நாள் விற்பனைக்கு முன்பதிவு செய்தவர்களின் தேதிக்கு அடியில் ஒரு தரை உண்டு. 19-க்குக் கீழே அது இறங்காது, ஏனென்றால் பூட்டு இருக்கிறது. தாமதமாக முன்பதிவு செய்து "அக்டோபர் இரண்டாம் வாரம்" என்று தேதி வாங்கியவர்களின் ஆர்டருக்கு அந்தத் தரை கிடையாது. விற்பனை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. ஆலையிலிருந்து சரக்கு வர வர அனுப்பலாம். சொன்ன தேதியில் இடைவெளியும் தாராளம். ஆகவே இரண்டாம் வகையில் ஒரு வாரம் முன்னதாக வருவது சாதாரணம்.

ஒவ்வொரு வருஷமும் இரண்டாம் வகைக்காரர்களின் அனுபவத்தை எடுத்து, அடுத்த வருஷம் முதல் வகைக்காரர்களுக்கு நம்பிக்கை ஊட்டுகிறார்கள். "போன வருஷம் எனக்கு எட்டு நாள் முன்னாடி வந்துச்சு." உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர் கேட்டது அக்டோபர் போன். நீங்கள் கேட்பது செப்டம்பர் 19 போன். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டாலே முன்கூட்டிய டெலிவரி வீடியோக்களில் பாதிக்கு மேல் ஆதாரமில்லாமல் போய்விடும்.

ஓசூரில் இன்னொரு பழக்கமும் உண்டு. 635109 போட்டால் ஒரு தேதி, 560-இல் ஆரம்பிக்கும் பெங்களூர் பின்கோடு போட்டால் அதைவிட முந்தின தேதி காட்டும் என்று எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்பவர்கள் ஆபீஸ் முகவரியைக் கொடுப்பார்கள். விற்பனை தொடங்கிய பின் வரும் ஆர்டர்களுக்கு இது சில சமயம் உதவும், ஏனென்றால் கிடங்கும் கூரியர் வழியும் பெங்களூரை மையமாக வைத்து அமைந்தவை. ஜூஜூவாடி செக்போஸ்டில் லாரி வரிசையாக நின்ற காலம் 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததோடு போய்விட்டது. மாநில எல்லை போன பிறகும் பின்கோடு எல்லை மிச்சமிருக்கிறது. ஆனால் முதல் நாள் பூட்டை எந்தப் பின்கோடும் திறக்காது.

"எனக்கு வந்துடுச்சு"

மூன்றாவது வாதத்துக்குப் பலம் அதிகம், ஏனென்றால் அதில் போட்டோ இருக்கிறது. உண்மையாகவே முன்கூட்டி வந்த போன்களும் உண்டு. 2015-இல் ஐபோன் 6எஸ் செப்டம்பர் 25-இல் விற்பனைக்கு வர இருந்தது. அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு 21-ஆம் தேதியே பெட்டி வந்து சேர்ந்தது. அவர் படம் எடுத்துப் போட, உலகச் செய்தியானது.

அது ஏன் செய்தியானது என்று யோசியுங்கள். ஆயிரம் பேருக்கு வந்திருந்தால் செய்தியாகாது. மேலும், வந்தவர் மட்டும்தான் போட்டோ போடுவார். "இன்னிக்கும் வரல" என்று காலி மேசையைப் படம் பிடித்து யாரும் போடுவதில்லை. நம் கண்ணுக்கு வருவது வந்தவர்களின் பட்டியல் மட்டும்.

இப்படிப் பூட்டு உடையும் அளவு என்ன என்பதற்குப் போனில் நம்பகமான எண் கிடைப்பது கஷ்டம். ஆனால் வேறொரு பொருளில் கிடைக்கிறது. 2007 ஜூலை 21-இல் ஹாரி பாட்டர் வரிசையின் கடைசிப் புத்தகம் வெளியானது. அமெரிக்காவில் முதல் அச்சு 1 கோடியே 20 லட்சம் பிரதிகள். இணையத்தில் விற்ற ஒரு கடை சில நாள் முன்பே பெட்டிகளை அனுப்பிவிட்டது. பதிப்பகம் வழக்குப் போட்டது. முன்கூட்டிப் போனவை சுமார் 1,200 பிரதிகள், அதாவது பத்தாயிரத்தில் ஒன்று என்று பதிப்பகம் சொன்னது. அந்த முன்வெளியீட்டுக் கசிவு இவ்வளவுதான். வாசகருக்கு யாரோ சந்தோஷமாகக் கொடுத்த பரிசாக இதைப் பார்க்க முடியாது. கோர்ட்டு வரை போன ஒப்பந்த மீறல் இது.

ஆகவே முதல் நாள் போன் உங்களுக்கு முன்கூட்டி வந்தால், கூரியர் மையத்தில் யாரோ ஒருவர் தப்பான அடுக்கிலிருந்து பெட்டியை எடுத்துவிட்டார் என்று அர்த்தம். மறுநாள் அவர் மேலாளரிடம் என்ன கேட்டிருப்பார் என்பது போட்டோவில் வராது.

உண்மையிலேயே வேகமாகப் போன போன்கள்

இதுவரை சொன்னதை வைத்து "அப்ப போன் வேகமா வரவே வராதா?" என்று கேட்கலாம். வரும். தேதியை வைத்திருப்பவர் விரும்பினால் மிக வேகமாக வரும்.

2025 ஏப்ரலில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. அமெரிக்கா இறக்குமதி வரியை உயர்த்தப்போகிறது என்ற நிலையில், ஆப்பிள் சென்னையிலிருந்து சரக்கு விமானங்களில் சுமார் 600 டன் ஐபோன்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. சுமார் 15 லட்சம் போன்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு பெட்டிக்கு 400 கிராம், சரியாகவே வருகிறது. சென்னை விமான நிலையத்தில் சுங்கச் சோதனைக்கு ஆகும் நேரத்தை 30 மணியிலிருந்து 6 மணியாகக் குறைக்க நிறுவனம் கேட்டுப் பெற்றது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடந்தது.

முன்கூட்டியே டெலிவரி என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தமிழ்நாட்டில் நடந்ததில்லை. அதே மாநிலம், அதே ஆலை, அதே விமான நிலையம். 30 மணி என்பது இயற்கை விதி இல்லை என்று அந்த வாரங்கள் காட்டிவிட்டன. 24 மணி நேரத்தைக் கழிக்க முடிந்தது. ஆனால் அந்த வேகம் எங்களுக்காக இல்லை, எந்த வாடிக்கையாளரின் ஆசைக்காகவும் இல்லை. ஒரு வரித் தேதிக்கு முன் சரக்கு கடலைத் தாண்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஊகம் பேசும் வீடியோக்கள் இந்தச் செய்தியைத் தொடவே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம். செப்டம்பரில் ஒரு நாள் முன்னாடி வருமா என்று அரை மணி நேரம் பேசுகிறவர்கள், ஏப்ரலில் 15 லட்சம் போன் எப்படி ஓடியது என்பதைப் பேசியிருந்தால் தேதி எங்கே முடிவாகிறது என்பது பார்ப்பவர்களுக்குப் புரிந்திருக்கும்.

தேதியின் பாரம்

இந்த வகைப் பேச்சின் மீது என்னுடைய பெரிய குறை இதுதான். அது போனையும் வாங்குபவரையும் மட்டும் பார்க்கிறது. நடுவில் இருப்பவர்கள் அதில் வருவதே இல்லை. வந்தாலும் "சப்ளை பாதிப்பு" என்ற பெயரில்தான் வருகிறார்கள்.

2020 டிசம்பர் 12-இல் நரசாபுராவில், அப்போது விஸ்ட்ரான் வசம் இருந்த ஆலையில், சம்பளம் சரியாக வரவில்லை என்று தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆலை சூறையாடப்பட்டது. குறுகிய காலத்தில் ஆட்களைப் பெருமளவு சேர்த்ததும், அதற்கேற்ற நிர்வாகம் இல்லாததும் பிறகு நடந்த ஆய்வுகளில் வெளிவந்தன. வேலை நேரத்தைக் கணக்கு வைக்கும் முறை சரியில்லை, அதனால் அக்டோபர், நவம்பர் சம்பளம் சிலருக்குத் தாமதமானது என்று ஆப்பிளே சொல்லி, புது ஆர்டர்களை நிறுத்திவைத்தது. வாடிக்கையாளருக்கு ஒரு நாள் பிசகாமல் தேதி சொல்லத் தெரிந்த உலகத்தில், சம்பளத் தேதியைக் காப்பாற்றத் தெரியவில்லை.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மற்றவர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர் வழியாகப் போகும் அதே நெடுஞ்சாலை. ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-இல்தான் திறந்தது. அதன் பிறகுதான் தொழிலாளர் தங்கும் இடம் பற்றிய பேச்சு அரசு மட்டத்தில் வேகமெடுத்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது.

2024 செப்டம்பர் 28, சனிக்கிழமை. ஐபோன் 16 விற்பனைக்கு வந்து எட்டு நாள். ஓசூர் டாடா ஆலையில் தீ. குறைந்தது பத்துப் பேருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது, இரண்டு பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இந்தியாவில் ஐபோனின் பின்பக்கப் பலகையைச் செய்யும் ஒரே ஆலை இது என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. அடுத்து வந்த கணக்குகள் எல்லாம் தீபாவளியைப் பற்றியவை. பண்டிகைக் காலத்தில் ஐபோன் 14, 15 மாடல்கள் சுமார் 15 லட்சம் விற்கும், தீயினால் அதில் 15 சதவீதம் வரை கொடுக்க முடியாமல் போகலாம் என்று கவுன்டர்பாயின்ட் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. பலகை கையிருப்பு மூன்று, நான்கு வாரத்துக்கு இருக்கும் என்றும் பேசினார்கள்.

அந்த மதிப்பீட்டை நான் குறை சொல்லவில்லை. அது அவர்கள் வேலை. ஆனால் அந்த வாரம் ஓசூரில் கேட்ட கேள்விகள் வேறு. "உள்ள யார் யார் இருந்தாங்க? ஹாஸ்டல் பொண்ணுங்க எல்லாம் பத்திரமா? சம்பளம் வருமா? எப்ப திறப்பாங்க?" ஜார்க்கண்டிலிருந்தும் தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் வந்து விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களின் வீட்டார் ஃபோனில் கேட்ட கேள்விகள். ஐபோன் தாமதமாகுமா என்ற தேடலில் இந்தக் கேள்விகள் எதுவும் வரவில்லை. முன்கூட்டி வருமா என்ற ஊகமும், தாமதமாகுமா என்ற ஊகமும் ஒரே பழக்கத்தின் இரண்டு பக்கம்தான். இரண்டுமே தேதியை மட்டும் பார்க்கின்றன, அந்தத் தேதியை யார் சுமக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

பின்னே என்னதான் கேட்பது?

ஊகிப்பது மனித சுபாவம். பணம் கட்டிவிட்டு எப்போது வரும் என்று யோசிக்காமல் இருக்க முடியாது. யோசிக்கும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

முதலாவது, என் ஆர்டருக்கு அடியில் தரை இருக்கிறதா? விற்பனை தொடங்கும் நாளுக்கான ஆர்டர் என்றால் இருக்கிறது. அதற்கு முன்னால் எதிர்பார்ப்பது வீண். அதற்குப் பிந்தைய தேதி என்றால் சில நாள் முன்னதாக வர நல்ல வாய்ப்பு உண்டு. அதில் அதிசயம் எதுவும் இல்லை.

இரண்டாவது, என் கையில் இருக்கும் ஆதாரம் நகர்ந்த பெட்டியைப் பற்றியதா, மாறிய வார்த்தையைப் பற்றியதா? உங்கள் ஊர் மையத்தில் பெட்டி ஸ்கேன் ஆகியிருந்தால் அது ஆதாரம். மற்றதெல்லாம் ராசி பலன்.

மூன்றாவது, இந்தத் தேதி நகர்ந்தால் யாருடைய நாள் நகரும்? ஒரு நாள் முன்னே வர வேண்டுமென்றால் எங்கேயோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை நாளாகிறது. ஏப்ரலில் அதைப் பார்த்தோம்.

ராயக்கோட்டை ரோட்டில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பார்த்தால் ஆலைப் பேருந்துகள் வரிசையாகப் போகும். செப்டம்பர் 19 போன் அந்தப் பேருந்தில் போகிறவர்களுக்கு முந்தின மாதங்களிலேயே கடந்துபோன விஷயம். அவர்கள் அதன் கூட்டைத் தொட்டு, சோதித்து, அனுப்பிவிட்டார்கள். நாம் "எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும் வாரத்தில் அவர்கள் தீபாவளிச் சரக்கில் இருப்பார்கள். லீவு கிடைக்குமா என்பது அவர்களுடைய ஊகம். அதற்கு ஸ்டேட்டஸ் பக்கம் கிடையாது.